யாருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லுங்கள்

கேள்வி இதுதான்: இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சக வாசகர்களிடம் சொன்னால் ‘ஓ, அப்படியா’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பரிந்துரைக்கும் புத்தகங்களையும் பலர் எடுப்பதில்லை, எடுத்தவர்கள் பாதியில் வைத்துவிடுகிறார்கள். எங்கே பிசகுகிறது? மற்றவர்கள் சொல்லும் புத்தகங்களில் எதை நம்பி எடுப்பது?

இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சிக்கல். ‘இப்போது இதைப் படிக்கிறேன்’ என்பது நடு வழியில் நின்று சொல்லும் சேதி. ‘நீங்கள் இதைப் படியுங்கள்’ என்பது இன்னொருவருடைய பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கேட்பது. முதலாவதை நினைத்தபோது சொல்லலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் விசாரணை வேண்டும். நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்பதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். பரிந்துரைக்கிறவருக்கு அதைவிடக் கைகொடுப்பது நான்காவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து.

முதலில், படித்துக்கொண்டிருப்பதைப் பகிர்வது. அட்டைப் படத்தையும் ‘தற்போதைய வாசிப்பு’ என்ற இரண்டு சொற்களையும் மட்டும் போட்டால் எதிரில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. பின்னட்டைச் சுருக்கத்தை அப்படியே எடுத்து எழுதினாலும் அதே கதிதான், அது அவருக்கே கிடைக்கக்கூடியது. உங்களிடம் மட்டும் இருப்பவை மூன்று: எந்த இடத்தில் இருக்கிறீர்கள், அதுவரை புத்தகம் உங்களை எப்படி நடத்தியிருக்கிறது, உங்களுக்கு எது பிடிபடவில்லை. இந்த மூன்றும் நான்கைந்து வரியில் அடங்கிவிடும்.

எந்த இடம் என்பதைப் பக்க எண்ணால் சொல்லாமல் அத்தியாய எண்ணால் சொல்லுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ போன்ற, பல பதிப்பகங்கள் போட்ட ஐந்து பாக நாவலில் ‘412ஆம் பக்கத்தில் இருக்கிறேன்’ என்றால் எந்தப் பாகம், எந்தப் பதிப்பு என்று தெரியாமல் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ‘இரண்டாம் பாகம், 20ஆம் அத்தியாயம்’ என்றால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அந்த இடத்தைத் திறந்துவிடுவார். மின்நூலில் படிப்பவர்கள் சொல்லும் சதவீதத்திலும் ஒரு பொறி உண்டு. அடிக்குறிப்புகள், பெயரடைவு, அடுத்த நூலின் மாதிரி அத்தியாயம் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஆய்வு நூல் ஒன்றில் 70 சதவீதத்திலேயே உரை முடிந்து மீதியெல்லாம் குறிப்புகளாக இருப்பதைப் பார்க்கலாம். ஆடியோ புத்தகம் என்றால் மணிக்கணக்கோடு வாசிப்பவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஒரே நூல் ஒரு குரலில் ஓடும், இன்னொரு குரலில் இழுக்கும்.

பத்துப் பக்கம் புரட்டிய உற்சாகத்தில் பகிர்வதைத் தவிர்த்துவிடுங்கள். நாவலில் சொல்பவரின் குரலும் முக்கிய மாந்தர்களும் நிலைபெற ஐம்பது அறுபது பக்கம் பிடிக்கும். அதற்கு முன் சொல்வதெல்லாம் முதல் வரியைப் பற்றிய பாராட்டாகத்தான் இருக்கும். எதைச் சொன்னாலும் ‘இதுவரை’ என்ற சொல்லைக் கூடவே வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு படித்துவிட்டு ‘ஆகச்சிறந்த நாவல்’ என்று அறிவித்தவர், முடிவு சொதப்பினாலும் அதைப் பின்வாங்கத் தயங்குவார். அந்த அறிவிப்பை நம்பி இரண்டு பேர் புத்தகம் வாங்கியிருப்பார்கள்.

பேச்சைத் தொடங்க வைப்பது கடைசியில் கேட்கும் கேள்வி. ‘யாராவது படித்திருக்கிறீர்களா?’ என்றால் ‘ஆம்’ என்பதோடு முடிந்துவிடும். ‘ஏழாம் அத்தியாயத்தில் கதை சொல்பவர் மாறிவிடுகிறார், அதற்குப் பிறகு எனக்குப் பிடி நழுவுகிறது. பழைய குரல் திரும்ப வருமா? கதையைச் சொல்லாமல் சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். படித்தவருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. படிக்காதவரும் சொல்பவர் நடுவில் மாறிய வேறு ஒரு நாவலை நினைவுகூர முடியும். படித்தவர், படிக்காதவர் இருவருக்கும் வாசல் திறந்து வைக்கும் கேள்விதான் நல்ல கேள்வி.

ஸ்பாய்லர் பற்றி ஒரு வார்த்தை. முடிவை முன்பே சொல்லிவிட்டால் சிறுகதையை ரசிப்பது குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்கிறது என்று 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக உளவியலாளர்கள் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறகு வந்த ஆய்வில் நேர்மாறான முடிவும் கிடைத்தது. ஆய்வு எப்படி இருந்தாலும், தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை கேட்பவருடையது. முதல் ஐந்தில் ஒரு பங்கில் நடப்பதையும் பின்னட்டையில் இருப்பதையும் சொல்லலாம் என்பது வசதியான எல்லை. பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ‘முடிவில் ஒரு திருப்பம் இருக்கிறது, அதை மட்டும் சொல்ல மாட்டேன்’ என்பதும் ஸ்பாய்லர்தான். அதைக் கேட்டவர் முந்நூறு பக்கமும் புத்தகத்தைப் படிக்க மாட்டார், துப்பறிவார்.

இனிப் பரிந்துரை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சறுக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: கேட்பவரை விசாரிக்காமலேயே தனக்குப் பிடித்ததை எடுத்து நீட்டுவது. ‘நல்ல புத்தகம் சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டால் உடனே பெயர் சொல்லாதீர்கள். சமீபத்தில் பிடித்த இரண்டு புத்தகங்கள் எவை, அவற்றில் எது பிடித்தது என்று கேளுங்கள். பாதியில் வைத்த ஒரு புத்தகம் எது, எந்த இடத்தில் வைத்தார் என்று கேளுங்கள். இப்போது அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, மனநிலை எப்படி என்றும் கேளுங்கள். இவற்றில் அதிகம் சொல்லிக்கொடுப்பது பாதியில் வைத்த புத்தகம்தான். பிடித்த புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலரும் மதிப்புக்குரிய பெயர்களைச் சொல்லிவிடுவோம். வைத்துவிட்ட புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது உண்மை வந்துவிடும். ‘ஊர் வர்ணனை முடியவே இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வேண்டியது நிகழ்வுகள் என்பது தெளிவு.

அடுத்தது பொருத்துவது. போர் நாவல் பிடித்தவருக்கு இன்னொரு போர் நாவல், மருத்துவர் எழுதியது பிடித்தவருக்கு இன்னொரு மருத்துவர் எழுதியது என்று பாடுபொருளை வைத்துப் பொருத்துவதுதான் எல்லோர் கையும் முதலில் போகும் வழி. அது அடிக்கடி தோற்கிறது, ஏனென்றால் ஒருவர் ஒரு நூலில் லயிப்பது பாடுபொருளால் மட்டும் அல்ல. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் என்பார்: கதை, மாந்தர், களம், மொழி. ஒவ்வொரு நூலிலும் நான்கும் உண்டு, எது அகலமாகத் திறந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. இன்னொரு நூலகரான ஜாய்ஸ் சாரிக்ஸ் இதோடு வேகத்தையும் தொனியையும் சேர்ப்பார். ஒரே வரலாற்று நாவலை இருவர் கொண்டாடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவரைச் சதியும் துரத்தலும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அவருக்கு அடுத்ததாக இன்றைய காலத்தில் நடக்கும் ஒரு துப்பறியும் நாவல்கூடப் பொருந்தும். இன்னொருவர் அந்தக் காலத்துத் துறைமுகமும் சந்தையும் உடையும் கண்முன் வந்ததில் மயங்கியிருப்பார். அவருக்கு வேகமான இன்னொரு வரலாற்று நாவலைக் கொடுத்தால் ஏமாந்துபோவார், நல்ல பயண நூலோ சமூக வரலாற்று நூலோ கொடுத்தால் நன்றி சொல்வார். மொழி வாசல் வழியாக நுழைகிறவரைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். அவர் கதையைச் சொல்ல மாட்டார், ஒரு வாக்கியத்தைச் சொல்வார். இவருக்கு மொழிபெயர்ப்பு நூல் சொல்வதென்றால் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எத்தனை சொல்வது? மூன்று போதும். பதினைந்து பெயர் கொண்ட பட்டியலைப் பெற்றவர் நன்றி சொல்லிச் சேமித்து வைப்பார், திறக்க மாட்டார். மூன்றில் ஒன்று அவர் ரசனைக்கு நேராக இருக்கட்டும். ஒன்று ஒரு படி தள்ளி இருக்கட்டும். மூன்றாவது வடிவத்திலேயே வேறாக, நாவல் கேட்டவருக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பாகவோ தன்வரலாறாகவோ இருக்கட்டும். எதில் தொடங்கலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பரிந்துரையை எழுதும் விதத்துக்கு வருகிறேன். அருமை, கட்டாயம் வாசிக்க வேண்டியது, மனதை உலுக்கியது, கீழே வைக்கவே முடியவில்லை: இந்தச் சொற்களை எடுத்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்தப் பரிந்துரை எந்த நூலுக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பயன்படாது. சரிபார்க்கக்கூடிய தகவல்களை வைத்து எழுதினால் அது இப்படி இருக்கும் (நூல் கற்பனை): “340 பக்க நாவல். ரயில் நிலைய அதிகாரி ஒருவரும் அவர் மகளும்தான் மையம், மகள்தான் கதை சொல்கிறாள். முதல் 80 பக்கம் மெதுவாகப் போகும், மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஓட்டம் கூடும். உரையாடல் முழுக்க வட்டார வழக்கு, கடைசியில் சொல்லடைவு இருக்கிறது, முதல் இரண்டு அத்தியாயத்துக்கு அது தேவைப்படும். ஒரு குழந்தையின் இறப்பு விரிவாக வருகிறது. முடிவு திறந்தே விடப்படுகிறது. அப்பா மகள் உறவைப் பற்றிய அமைதியான கதைகள் பிடித்தவர்களுக்கு ஏற்றது. நிகழ்வுகள் அடுக்கடுக்காக வர வேண்டும் என்பவர்களுக்குச் சரிவராது.”

இதில் பாராட்டு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதைப் படித்த ஐந்து பேரில் இரண்டு பேர் நிச்சயமாகத் தேடுவார்கள், மூன்று பேர் நிச்சயமாகத் தவிர்ப்பார்கள். ஐந்து பேருக்குமே நேரம் மிச்சம். கடைசி வாக்கியத்தை எழுதத்தான் பலருக்கும் மனம் வராது, பிடித்த நூலைக் குறை சொல்வது போலத் தோன்றும். உண்மையில் யாருக்குச் சரிவராது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் அடுத்த முறை தேடி வந்து கேட்பார்கள். அந்த வாக்கியம் வராவிட்டால் நீங்கள் நூலை இன்னும் முழுதாக யோசித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இறப்பு, வன்முறை, தற்கொலை போன்றவற்றை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட வேண்டும். அண்மையில் யாரையாவது இழந்தவர் கையில் தெரியாமல் அந்த நூல் போய்ச் சேரக் கூடாது.

பக்க எண்ணிக்கை பல சமயம் ஏமாற்றும். எழுத்தின் அளவும் வரி இடைவெளியும் மாறினால் 250 பக்கம் 350 ஆகிவிடும். சரியான கணக்கு வேண்டுமென்றால் நூலின் நடுவிலிருந்து பத்துப் பக்கம் படித்து நேரம் பாருங்கள். பத்துப் பக்கத்துக்கு 25 நிமிடம் என்றால் 300 பக்கத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம். தினமும் அரை மணி நேரம் படிப்பவருக்கு அது 25 நாள். சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு ‘ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்’ என்று சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். முதல் பத்துப் பக்கத்தை வைத்துப் போட்டால் தப்பாகும். பெயர்களும் இடங்களும் பழகும் வரை யாரும் மெதுவாகத்தான் படிப்பார்கள்.

பதிப்பு விவரத்தில் சோம்பல்படுகிறவர்கள் அதிகம். ஆல்பெர் காம்யுவின் ஒரே நாவல் ஆங்கிலத்தில் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ என்றும் ‘தி அவுட்சைடர்’ என்றும் இரண்டு பெயரில் கிடைக்கிறது. தெரியாதவர் இரண்டையும் வாங்கிவிடுவார். மொழிபெயர்ப்பு என்றால் நூலாசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளர் பெயர், மூலமொழியிலிருந்து நேரடியாகச் செய்ததா ஆங்கிலம் வழியாகவா, முழு நூலா சுருக்கமா என்பவை வந்துவிட வேண்டும். சுருக்கப் பதிப்பு என்பது சில நூல்களின் உரிமைப் பக்கத்தில் மட்டுமே சிறிய எழுத்தில் இருக்கும். அதே பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டும் இருக்கும். கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் நூல் எழுதப்பட்ட காலத்தை அங்கே பார்த்துச் சொல்லுங்கள். குழப்பமே வேண்டாம் என்றால் ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணைக் கொடுத்துவிடலாம். 2007 ஜனவரி முதல் அது 13 இலக்கம், அதற்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம் இருக்கும். கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்நூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் என்பதால், எண்ணை வைத்துத் தேடும்போது வேறு வடிவங்கள் கண்ணில் படாமலே போகலாம். எண்ணோடு பெயரையும் சேர்த்தே கொடுங்கள். தொடர் நூல் என்றால் எந்த வரிசையில் படிப்பது என்பது முக்கியம். சி.எஸ். லூயிஸின் நார்னியா நாவல் வரிசையில் 1950இல் முதலில் வந்த நூல், கதை நடக்கும் கால வரிசைப்படி இரண்டாவது. 1955இல் ஆறாவதாக வந்ததுதான் கால வரிசையில் முதல். இப்படி இரண்டு வரிசை இருக்கும் இடங்களில் வெளிவந்த வரிசையைச் சொல்வதே நல்லது. ஆசிரியர் எதை எப்போது வெளிப்படுத்த நினைத்தாரோ அப்படியே வாசகருக்குப் போய்ச் சேரும். திருட்டு பிடிஎஃப் இணைப்பைக் கொடுப்பது பரிந்துரையில் சேராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நேர்மை தேவை. பிரெஞ்சுப் பேராசிரியர் பியேர் பயார் 2007இல் வெளியிட்ட நூலில், தான் குறிப்பிடும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுவார்: தெரியாதது, புரட்டியது, கேள்விப்பட்டது, மறந்துபோனது. பாதி விளையாட்டுத்தான். ஆனால் பரிந்துரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘முழுதாகப் படித்தேன், போன வருடம்’, ‘நான்கு கதை மட்டும் படித்தேன்’, ‘பதினைந்து வருடத்துக்கு முன் படித்தது’ என்று ஒரு சொற்றொடர் போதும். பல வருடத்துக்கு முன் படித்ததைச் சொல்லும் முன் முதல் அத்தியாயத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். நினைவில் இருப்பது பல நேரம் அந்த வயதின் மயக்கம், நூல் வேறாக இருக்கும்.

அடுத்தவர் பரிந்துரைகளை எடுப்பதில் நட்சத்திரக் கணக்கு ஓரளவுக்குத்தான் துணை. வாசகர்கள் நூல்களுக்கு நட்சத்திரம் போடும் தளமான குட்ரீட்ஸில் இரண்டு நட்சத்திரத்துக்கே ‘பரவாயில்லை’ என்றுதான் பொருள், மூன்று என்றால் ‘பிடித்தது’. அமேசானில் பழகியவர் அந்தப் ‘பரவாயில்லை’க்கு மூன்று போடுவார். குட்ரீட்ஸில் அரை நட்சத்திரம் கிடையாது, அதைப் போன்ற இன்னொரு தளமான ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரம்கூட உண்டு. ஆகவே எண்ணைப் பகிரும்போது உங்கள் அளவுகோலையும் ஒரு வரியில் சொல்லுங்கள். சராசரியைப் பார்ப்பதைவிட மூன்று நட்சத்திர மதிப்புரைகள் நான்கைப் படிப்பது பயன் தரும். பிடித்ததும் பிடிக்காததும் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான். தொடர் நூல்களில் மூன்றாம் பாகத்தின் சராசரி முதல் பாகத்தைவிட உயர்ந்திருந்தால் எழுத்து மேம்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பாகம் பிடிக்காதவர்கள் மூன்றாம் பாகம் வரை வரவே இல்லை, அவ்வளவுதான்.

எண்ணைவிட நம்பகமானது ஆள். இருவரும் படித்த ஐந்து நூல்களை எடுத்துப் பேசிப் பாருங்கள். மூன்று நான்கில் ஒத்துப்போகிறவர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஐந்திலும் முரண்படுகிறவரை விட்டுவிடாதீர்கள், அவர் தாங்கமுடியவில்லை என்று சொல்லும் நூல் உங்களுக்கானதாக இருக்கக்கூடும். ஒரு முறை ஒத்துப்போவார், மறுமுறை மாட்டார் என்கிற ஆளை வைத்துத்தான் ஒன்றும் செய்ய முடியாது. சொன்ன நூலைக் குறித்துவைக்கும்போது பெயரோடு யார் சொன்னார், ஏன் சொன்னார் என்று ஒரு வரி சேருங்கள். மூன்று மாதம் கழித்து வெறும் தலைப்பைப் பார்த்தால் எதற்காக எழுதினோம் என்பதே நினைவிருக்காது.

பாதியில் விடுவதைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். நான்சி பேர்ல் இதற்கு ஒரு கணக்கு சொல்வார்: ஐம்பது வயது வரை ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணிக்கை வரை படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். சிறுகதைத் தொகுப்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, முதல் கதை, நடுவில் ஒன்று, தலைப்புக் கதை என்று மூன்றைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். மொழிபெயர்ப்பை விடும்போது சந்தேகத்தின் பலனை மூல ஆசிரியருக்குக் கொடுத்து, வேறு மொழிபெயர்ப்பு இருந்தால் அதில் நான்கு பக்கம் பாருங்கள். விட்ட நூலுக்கு நட்சத்திரம் போடாமல், எந்த அத்தியாயத்தில் ஏன் விட்டீர்கள் என்று சொல்லுங்கள். ‘நான்காம் அத்தியாயத்தில் விட்டேன், பெயர்கள் குழம்புகின்றன’ என்ற வரியைப் பார்த்த ஒருவர் ‘கடைசிப் பக்கத்தில் வம்ச வரைபடம் இருக்கிறதே’ என்று சொல்வார். பாதி நேரம் அதற்குப் பிறகு புத்தகம் திரும்பக் கைக்கு வந்துவிடும்.

உங்கள் பரிந்துரையை ஒருவர் எடுத்துக்கொண்டு போயிருந்தால் ‘முடித்தாயிற்றா?’ என்று கேட்காதீர்கள், முடிக்காதவர் உங்களைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவார். ‘எதுவரை வந்தது?’ என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் வாதாடாமல் எந்த இடத்தில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அவருக்கு மூன்று பெயர் தேர்ந்தெடுக்க உதவும்.